பள்ளிக்கூடத்தைத் தின்னாத துணி

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் ஊரே அண்ணாந்து பார்க்கும். மலையில் மேகம் இறங்குகிறதா, அருவியில் தண்ணீர் கூடியிருக்கிறதா என்று எல்லாக் கண்களும் மேலேயே இருக்கும். ரெபேக்காள் மட்டும் தரையைப் பார்த்து நடப்பாள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்கள் பழக்கடைகளின் முன்னால் நின்று மங்குஸ்தானை உடைப்பார்கள். வெள்ளைச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு கருஞ்சிவப்புத் தோலைக் காலடியில் எறிந்துவிட்டுப் போவார்கள். அந்தத் தோல்தான் அவளுக்கு வேண்டும். கையில் சாக்கோடு குனிந்து குனிந்து பொறுக்குவாள்.

பழக்கடைச் சுடலையாண்டிக்கு அது தினமும் ஒரு வேடிக்கை.

“டெலிபோன் அக்கா, பழத்த நான் விக்கேன், தோல நீங்க பெறக்குதிய. பாத்துக்கிட்டே இருங்க, ஒருநா தோலுக்குத்தான் வெல ஏறப்போவுது.”

“ஏறட்டும். அன்னைக்கு நான் பழம் விக்கேன், நீ தோல் பெறக்கு.”

“நம்மால முடியாதுக்கா. குனிஞ்சா வயிறு இடிக்கும்.”

தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாள் ரெபேக்காள். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர்கள் கோட்டயத்தோடும் கொல்லத்தோடும் போடுகிற சண்டையெல்லாம் அவள் காது வழியாகத்தான் போகும். மேலகரத்தில் ஒற்றை ஆளாகக் குடியிருந்தாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம், “லைன் கெடைக்கல” என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

சாயத்துக்கு அவள் வந்தது ஒரு கறையால். ஒரு சீசனில் மங்குஸ்தான் தோலின் சாறு அவளுடைய வெள்ளைச் சேலையில் பட்டுவிட்டது. சோப்புக்கு அசையவில்லை. துருப்பிடித்த இரும்பு வாளியில் ஊறப்போட்டுவிட்டுக் காலையில் எடுத்துப் பார்த்தால், பழுப்புக் கறை மசி கொட்டினதுபோலக் கறுத்திருந்தது. மற்றவர்களாக இருந்தால் சேலை போயிற்றே என்று அழுதிருப்பார்கள். ரெபேக்காள் அடுப்படிக் கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். ஒன்றில் துருவேறிய ஆணி ஊறிய தண்ணீர், ஒன்றில் படிகாரம், ஒன்றில் சுண்ணாம்பு. ஒரே தோல், ஒரே சாறு. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒவ்வொரு நிறம். அன்றைக்கு அவள் வேலைக்கே பிந்திப் போனாள்.

ஊர் ஐயரம்மா என்று கூப்பிடும் பாதிரியாரின் மனைவி அதைக் கேட்டுவிட்டு, “கர்த்தர் செய்யுத அதிசயம், பாத்தியா ரெபேக்கா” என்றார்.

“அதிசயந்தான் ஐயரம்மா. ஆனா எப்படிச் செய்யுதாருன்னு சொல்லாம வுட்டுட்டாரே. அதத்தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன்” என்றாள் ரெபேக்காள்.

தேடினாள். நூலகத்திலிருந்து வேதியியல் புத்தகங்களை எடுத்துவந்து படித்தாள். தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைக் கண்டால் கறுக்கும், படிகாரத்தைக் கண்டால் நூலை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டாள். காரணம் தெரிந்ததும் வியப்பு குறைந்துபோகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவளுக்குக் கூடியது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கின்றன. யாரும் மந்திரம் சொல்லவில்லை, யாரும் காணிக்கை வைக்கவில்லை, யார் கையால் ஊற்றினாலும் அதே நிறம். சாதி பார்த்து, காசு பார்த்து மாறாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சாயம் கிடைத்துவிட்டது. துணிதான் கிடைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் தென்காசிக் கடைவீதி முழுக்க டெரிலினும் டெரிகாட்டனுமாக மின்னியது. ஞானதுரை கடையில் சுத்தப் பருத்தி என்று சொல்லி வாங்கிவந்த வெள்ளைத் துணி, சாயப் பானையில் அரை நாள் கிடந்தும் வெளிறியே எழுந்தது. ரெபேக்காள் அதை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள்.

“சுத்தப் பருத்தின்னுதான அண்ணாச்சி தந்திய?”

“சந்தேகமே வேண்டாம். மில்லுல இருந்து அப்படியே பேலா வந்து எறங்குனது.”

துணியிலிருந்து ஒரு நூலை உருவினாள். கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கிழித்தாள். பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். இந்த நூல் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டியது.

“ஐயையோ! கடைக்குள்ள தீ வைக்குதாளே!” என்று ஞானதுரை மேசையைத் தாண்டி வந்தார்.

“பருத்தி மணி வுடுமா அண்ணாச்சி? பாதி பிளாஸ்டிக்கக் கலந்துட்டு சுத்தம்னு சொல்லுதியளே.”

கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஞானதுரை தீக்குச்சியை மிதித்து அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, நான் என்ன செய்ய? சுருங்கக் கூடாது, இஸ்திரி வேண்டாம், ராத்திரி தொவச்சா விடியக்காலம் காஞ்சிரணும்னு ஊரே இதத்தான் கேக்கு. உமக்கு அசல் பருத்தி வேணும்னா கடையநல்லூருக்குப் போம். தறிக்காரன் கையிலயே வாங்கும். என் கடைய எரிக்காதயும்.”

நல்ல யோசனைதான். ஆனால் ரெபேக்காளுக்கு அசல் பருத்தி மட்டும் போதாது. நெய்த வீட்டில் எந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் அந்தத் துணி தின்றிருக்கக் கூடாது.

அவள் சின்னப் பிள்ளையில் பீடி சுற்றியவள். மடியில் சுளகு, சுளகில் புகையிலைத்தூள், கையில் இலை. எழுத்துக்கூட்டி வாசிக்கிற வயசில் படிப்பு நின்றது. ஒருநாள் ஏஜெண்டு அவள் சுற்றிய கட்டை நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பியபோது, அவளுடைய அம்மா சுளகைத் தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டு, மகள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அப்படி ஒரு அம்மா வாய்க்காத பிள்ளைகள் பக்கத்து வீடுகளில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் இப்போதும் உட்கார்ந்திருக்கிறார்கள். மனிதர்கள் செய்த இந்த அநியாயத்துக்கு ஊரார் விதி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே ரெபேக்காளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடையநல்லூரில் வீடு வீடாக ஏறினாள். தறியில் பெரியவர் இருப்பார். பக்கத்தில் ராட்டையில் ஒரு பிள்ளை இருக்கும். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றினால்தான், தறியில் இடமும் வலமும் பாயும் நாடாவுக்குள் வைக்க முடியும். அந்தக் குழலுக்குத் தார் என்று பெயர். தறி ஓட ஓடத் தார் தீரும், தீரத் தீரப் பிள்ளை சுற்றும்.

“இந்தப் புள்ள எத்தனாவது படிக்கு?” என்று கேட்பாள்.

ஒரு வீட்டில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு திருப்பிக் கேட்டாள்: “நீங்க துணி வாங்க வந்தியளா, சென்சஸ் எடுக்க வந்தியளா?”

மசூது என்கிற நெசவாளியின் வீட்டில்தான் ராட்டை முன்னால் பெரியவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி பாத்துமுத்து. மகள் மெஹர் பானு சுவரில் சாய்ந்து ஒரு பழைய பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்பாம். குழித்தறியின் பள்ளத்துக்குள் கால்களை விட்டு உட்கார்ந்திருந்த மசூது கையை நிறுத்தாமலே சொன்னார்:

“எம்மவ கை ராட்டையில படாதும்மா. நாந்தான் இந்தக் குழிக்குள்ள கெடக்கேன். அவளாவது மேல நடமாடட்டும்.”

ரெபேக்காளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தேடியது கிடைத்துவிட்டது. இரண்டு சேலைக்கான துணி சொன்னாள். நூல் கொடுத்து நெய்யவைக்கிற முதலாளி தரும் கூலியைவிட நல்ல விலைக்கு ஒத்துக்கொண்டாள். எழுந்தபோது ஒரு வார்த்தை சேர்த்தாள்.

“மங்குஸ்தான் சீசன் முடியதுக்குள்ள வேணும் பாய். தோலு காஞ்சுட்டா நெறம் செத்துரும்.”

எதையும் எரித்தும் ஊறவைத்தும் பார்த்தே நம்புகிற ரெபேக்காள், இந்த ஒன்றை மட்டும் சோதித்துப் பார்த்ததில்லை. யாரோ சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள்.

சொன்ன வார்த்தை தவறாமல் சீசனுக்குள் மசூதே துணியைக் கொண்டுவந்தார். வெளுக்காத கோரா நிறத்தில், கைக்கு இதமாக, அவ்வளவு நெருக்கமான நெசவு.

“நானே வாய்க்கால்ல ரெண்டு தண்ணி அலசிட்டேம்மா. அழுக்குத் துணிய உங்க கையில குடுக்க மனசு வரல. நேரா சாயத்துல போடலாம்.”

எந்தத் துணியையும் சலவைச் சோடா போட்டு வேகவைத்து, எண்ணெய்ப் பசை போன பிறகுதான் ரெபேக்காள் சாயத்தில் இறக்குவாள். அன்று செய்யவில்லை. அந்த மனிதர் தன் கையால் அலசிக் கொடுத்ததை மறுபடி வேகவைப்பது அவரை நம்பாததுபோல இருந்தது. தோலும் பானையில் தயாராகக் கொதித்துக்கொண்டிருந்தது. படிகாரத் தண்ணீரில் நனைத்துத் துணியைச் சாயத்தில் இறக்கினாள்.

அதைப் பின்கட்டில் காயப்போட்டபோது சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. ரெபேக்காள் பின்னால் நகர்ந்து பார்த்தாள். துணி ஒரே நிறமாக இல்லை. குறுக்கே பட்டை பட்டையாக இருந்தது. ஒவ்வொரு பட்டையும் வெளிறித் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, முழுப் பழுப்பாகக் கனிந்தது. பிறகு வெகுதூரம் ஒரே பழுப்பு. திடீரென்று மறுபடியும் ஒரு வெளிறல், மறுபடியும் ஒரு கனிவு.

முதலில் எரிச்சல்தான் வந்தது. சாயம் திட்டுத் திட்டாகிவிட்டதே என்று கிட்டே போனாள். திட்டு என்றால் கண்டபடி இருக்கும். இது அப்படி இல்லை. வெளிறல் எங்கும் ஊடை நூலோடு மட்டும் ஓடியது. நெடுக்கே ஓடும் பாவு நூலில் இல்லவே இல்லை. அப்படியானால் குற்றம் பானையில் இல்லை. நூல் தறிக்குப் போவதற்கு முன்பே, தார் சுற்றும்போதே, அதில் ஏதோ பட்டிருக்கிறது.

ஒரு கோரா நூலை எடுத்தாள். விரலில் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நூலை இழுத்துக்கொண்டே போனாள். விரலில் எண்ணெய் தீரும்வரை இழுத்தாள். அதைப் படிகாரத்தில் நனைத்துச் சாயத்தில் போட்டு எடுத்தாள். வெளிறித் தொடங்கி, மெல்ல மெல்லச் சிவந்து, கடைசியில் முழுப் பழுப்பு.

கையில் அந்த நூலோடு முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எண்ணெய் புதிதாக விரலில் இருக்கும் நேரம் காலை. தலை சீவிய கையோடு யாரோ ராட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் இல்லை, பல நாள். கொடியில் ஆடிக்கொண்டிருந்தது துணி மட்டும் இல்லை. ஒரு வீட்டின் காலைப்பொழுதுகள். யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் சொல்லவில்லை. ஒரு விரலில் ஒட்டியிருந்த எண்ணெயை நூல் மறக்காமல் வைத்திருந்து, வழியில் எறிந்த ஒரு பழத்தோலைக் கண்டதும் அத்தனையையும் காட்டிக்கொடுத்துவிட்டது. எந்தக் கோயிலிலும் எந்த ஆலயத்திலும் அவளுக்கு வராத ஒரு நடுக்கம் அந்த முற்றத்தில் வந்தது. துணியைத் தொடக்கூடத் தயங்கினாள்.

யாருடைய விரல்? பிள்ளைக்குத் தலை சீவிவிட்ட கையோடு பாத்துமுத்தே ராட்டையில் உட்கார்ந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ரெபேக்காள் ஆசைப்பட்டாள். ஆசைப்படுவதும் அறிவதும் வேறு. மறுநாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு, பள்ளி மணி அடித்த பிறகு கடையநல்லூரில் போய் இறங்கினாள். கைப்பைக்குள் அந்தத் துணி இருந்தது.

மெஹர் பானு ராட்டையில் இருந்தாள். பள்ளிச் சீருடை. எண்ணெய் மினுங்க இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, நுனியில் ரிப்பன். பக்கத்தில் பாடப்புத்தகப் பை.

“பெல் அடிச்சாச்சே பானு?”

“இந்தத் தார் முடிஞ்சதும் போயிருவேன்க்கா.”

“இப்ப போனா உள்ள வுடுவாங்களா?”

பிள்ளை ராட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னது: “அப்ப நாளைக்கு வெள்ளன போயிருவேன்.”

தறிச் சத்தம் நின்றது. குழிக்குள் இருந்த மசூது தலையைத் தூக்கவில்லை. உள்ளறையில் பாத்துமுத்து மடியில் சுளகோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சுளகைப் பார்த்ததும் ரெபேக்காளுக்கு வாயில் புகையிலை கசந்தது.

“ராட்டையில கை படாதுன்னு சொன்னிய பாய்.”

“சொன்னேன். சொன்னப்ப அது நெசந்தான்.” மசூதின் குரல் உயர்ந்தது. “நீங்கதானம்மா சீசனுக்குள்ள வேணும்னிய? நல்ல வெல குடுக்கிய, வார்த்த தவறக் கூடாதேன்னு ராப்பகலா ஓட்டுனேன். தறி ஓடுனா தார் வேணும். இவ பீடிய சாயங்காலத்துக்குள்ள ஏஜெண்டுகிட்ட சேக்கணும். பின்ன யாரு சுத்துவா, நீங்க வந்து சுத்துவியளா? உங்க துணிய முடிச்சதுல முதலாளி பாவு பிந்திப்போச்சு. இப்ப அத ஓட்டுதேன். எல்லாம் அல்லா வுட்ட வழி.”

“அல்லா எப்ப பாய் உங்ககிட்ட துணி கேட்டாரு? கேட்டது நானு. கூலியக் கொறச்சது முதலாளி. பழிய மட்டும் ஏன் மேல அனுப்புதிய?”

சொல்லி முடித்தபோதுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. கேட்டது நானு. எந்தப் பிள்ளையையும் தொடாத துணி வேண்டும் என்று ஊரெல்லாம் சல்லடை போட்டவள், தன் அவசரத்தாலேயே ஒரு பிள்ளையை ராட்டையில் உட்காரவைத்திருக்கிறாள். முதல் பட்டையிலிருந்து கடைசிப் பட்டைவரை அவள் கேட்ட துணி.

பாத்துமுத்து சுளகை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்தாள். ரெபேக்காளைக் கொல்லைப் பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய், குசுகுசுவென்று சொன்னாள்.

“பள்ளிக்கூடத்துல பேர அடிச்சாச்சாம்க்கா. டீச்சர் சொல்லி அனுப்பிட்டாவ. இவுகளுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.”

“தெரிஞ்சுமா தெனமும் தல சீவிவுடுத?”

“எப்படிக்கா சீவாம இருக்க? ஒரு தார் சுத்திட்டுப் போ புள்ளன்னு சொல்லுவோம். ஒண்ணு ரெண்டாவும். மணி அடிச்சிரும். சரி, நாளைக்குப் போவான்னு மறுநாளும் சீவுவேன். சீவாம வுட்டா அன்னைக்கே முடிஞ்சுதுன்னு ஆயிருமேக்கா.”

ரெபேக்காள் முன்வாசலுக்கு வந்து பிள்ளையின் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். “எந்திரி பானு. உம்மாவும் வரட்டும்.”

மசூது ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாத்துமுத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “நீங்க தறிய ஓட்டுங்க. இருக்குத தார் தீருத வரைக்கும் ஓட்டுங்க. பொறவு சும்மா இருங்க” என்றாள். அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

தலைமையாசிரியை அகிலாண்டேஸ்வரி கண்டிப்பான மனுஷி. பிள்ளையைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது; முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் பேச்சில் இளக்கம் இல்லை.

“பேர எடுத்தாச்சே. இனி அடுத்த ஜூன்லதான்.”

“அடுத்த ஜூன்ல இந்தப் புள்ள வராது டீச்சர். ஒரு வருசம் ராட்டையில உக்காந்த புள்ள எந்திரிச்சு வந்து நீங்க பாத்திருக்கியளா?”

அகிலாண்டேஸ்வரி அப்படி யாரையும் பார்த்ததில்லை. பிறகு சொன்னார்: “காய்ச்சல்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் கொண்டாங்க. எல்லாரும் அதத்தான் செய்யுதாங்க. நானும் கண்ண மூடிக்கிடுவேன்.”

சுலபமான வழிதான். பாத்துமுத்து உடனே தலையாட்டினாள். ரெபேக்காளுக்கு மனசு ஒப்பவில்லை.

“அவளுக்குக் காய்ச்சல் இல்ல டீச்சர். காய்ச்சல்னு எழுதுனா, அடுத்த புள்ளைக்கும் காய்ச்சல்னுதான் எழுதுவோம். கடையநல்லூர்ல இத்தன புள்ளைகளுக்கு என்ன காய்ச்சல்னு கடைசிவரைக்கும் யாருமே கேக்க மாட்டாங்க.”

கைப்பையிலிருந்து துணியை எடுத்து மேசைமேல் விரித்தாள். மேசை போதவில்லை, தரையில் வழிந்து வாசல்வரை ஓடியது. எண்ணெயையும் நூலையும் சாயத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாள். பிறகு ஒரு வெளிறிய பட்டைமேல் விரலை வைத்தாள்.

“இது ஒரு காலம்பற. தல சீவி, யூனிபாரம் போட்டு, பையோட பொறப்பட்டு நிக்கா. இந்தா, இது அடுத்த நாள். இது அதுக்கடுத்த நாள். ஒருநாள்கூட வரமாட்டேன்னு இந்தப் புள்ள சொல்லல டீச்சர். தெனமும் கெளம்பிருக்கா.”

அகிலாண்டேஸ்வரி நாற்காலியிலிருந்து எழுந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு பட்டையின் வெளிறல் தொடங்குகிற இடத்தில் விரலை வைத்து, அது சிவந்து கனிகிற இடம்வரை மெதுவாக நகர்த்தினார். அடுத்த பட்டைக்குப் போனார். அதற்கடுத்ததற்கு. அப்படியே துணியோடு நடந்து வாசல்வரை வந்துவிட்டார்.

பாத்துமுத்து அப்போதுதான் அந்தத் துணியை முழுசாகப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, துணியை இரண்டு கையாலும் அள்ளி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“யா அல்லா... இவ்வளவும் நான் சீவிவுட்ட தலையாக்கா?”

“ஆமா.”

“எங்க போச்சோன்னு நெனச்சேனே. அத்தனையும் இதுலயா இருக்கு?”

மெஹர் பானு ஒரு பட்டையைத் தொட்டுவிட்டு, தன் விரல்நுனியை மோந்துபார்த்தாள். பெரியவர்கள் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அது தன்னுடையது என்பது விளங்கிவிட்டது.

அகிலாண்டேஸ்வரி மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

“நான் காரணம்னு என்ன எழுத? தேங்காயெண்ணெய்னா எழுத முடியும்?”

“நடந்தத எழுதுங்க டீச்சர்.”

எழுதினார். வீட்டில் தறிவேலைக்கு நிறுத்தப்பட்டதால் வரவில்லை, மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுகிறாள் என்று தெளிவான எழுத்தில் எழுதினார். இதைப் பார்த்து மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்களே என்று பக்கத்திலிருந்த குமாஸ்தா முணுமுணுத்தார். “கேக்கட்டும். கேக்கதுக்குத்தான் எழுதிருக்கேன்” என்றார் அகிலாண்டேஸ்வரி. பிறகு பிள்ளையைப் பார்த்து, “ஏட்டி, நடத்துன பாடமெல்லாம் பார்த்து எழுதணும். முடியுமா?” என்றார்.

“முடியும் டீச்சர்.”

“அப்ப ஏன் இன்னும் இங்கன நிக்க? கிளாசுக்கு ஓடு.”

ஓடினாள். தாழ்வாரத்தின் திருப்பத்தில் இரட்டைச் சடை ஒருமுறை ஆடி மறைந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் ரெபேக்காள் முதலில் செய்த காரியம், மங்குஸ்தான் தோலை நிழலில் காயப்போட்டது. சலசலவென்று காய்ந்த பிறகு இடித்து, வேகவைத்து, நூலை இறக்கினாள். நிறம் சாகவில்லை. கொஞ்சம் ஆழமாகவே வந்தது. காய்ந்த தோல் மாதக்கணக்கில் கெடாது; சீசன் முடிந்தாலும் அவசரம் இல்லை. இதை முன்பே சோதித்திருந்தால் ஒரு பிள்ளைக்கு அத்தனை காலைகள் போயிருக்காது. தன்மேலேயே அவளுக்கு வந்த கோபம் இலேசில் தணியவில்லை.

மறுபடி கடையநல்லூருக்குப் போய் அடுத்த துணி சொன்னாள்.

“எப்ப வேணும்?” மசூது முறைப்பாகவே கேட்டார்.

“தேதி இல்ல. பாத்துமுத்து சுத்துத தாருக்கு எவ்வளவு ஓடுமோ அவ்வளவு ஓடட்டும். மெதுவா ஓடுததுக்கும் சேத்துத்தான் வெல.”

“மெதுவா நெய்யதுக்கு வெலையா? ஏம்மா, ஊர்ல சொன்னா என்னயும் சேத்துல்லா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் பாய். சீக்கிரம் நெய்யுன்னு சொன்னப்ப யாரும் சிரிக்கல. நானும் சிரிக்கல.”

மசூது கொஞ்ச நேரம் நாடாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “பீடிய வுட்டுட்டு அவ ராட்டைக்கு வருவாளான்னு அவகிட்டயே கேளுங்க. இப்ப இந்த வீட்டுல அவ சொல்லுததுதான் நடக்கு” என்றார். முறைப்பு போய், முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

பிந்தைய வருஷங்களில் எக்ஸ்சேஞ்சுப் பெண்கள் ஒவ்வொருவராக அவளிடம் சாயம் கேட்டு வந்தார்கள். எல்லாருக்கும் அவள் ஒரே நிபந்தனைதான் வைத்தாள். துணிக்குத் தேதி கேட்கக் கூடாது. மகள் கல்யாணத்துக்கு வேண்டும் என்று கேட்டவளுக்கும் அதே பதில்தான். அதனால் சில சிநேகிதங்கள் முறிந்தன. அவள் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

மசூதிடம் சொன்ன அந்த இரண்டாவது துணி அடுத்த பொங்கல் கழிந்துதான் வந்தது. பாத்துமுத்தே மேலகரத்துக்குக் கொண்டுவந்தாள். பிள்ளைக்குத் தலை சீவிய கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ராட்டையைத் தொட்டதாகச் சொன்னாள். ரெபேக்காள் இந்தத் தடவையும் சோடா போட்டு வேகவைக்கவில்லை; எண்ணெய் பட்டிருந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றேதான். பாத்துமுத்தை நம்பினாள். நம்பினாலும் சோதிக்காமல் விட இனி அவளால் முடியாது. இருவருமாகத் துணியைச் சாயத்தில் இறக்கினார்கள். இருவருமாகத் தூக்கிக் கொடியில் விரித்தார்கள்.

ஒரே நிறம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, குற்றாலத்து மண்போல, ஒரே ஆழமான பழுப்பு. தெருவில் போகிற யார் பார்த்தாலும், இதில் என்ன இருக்கிறது, வெறும் துணி என்பார்கள். ரெபேக்காள் அதன் முன்னால் நடந்துகொண்டே பார்த்தாள். பட்டை இல்லை. பட்டை இல்லை. அந்த வெறுமையில் ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. அவள் கண் நிறைந்தது.

கடைசி முனைக்கு வந்தபோது நின்றாள்.

ஓரத்தில் மெல்லிசாக ஒரே ஒரு வெளிறல்.

“பாத்துமுத்து, இது என்ன?”

பாத்துமுத்து கிட்டே வந்து பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அது ஞாயித்துக்கெழம. சத்தியமாக்கா. பள்ளிக்கூடம் லீவு. அவளா வந்து, நான் ஒண்ணு சுத்துதேம்மான்னு புடிவாதம் புடிச்சா.”

“லீவு நாள்ல புள்ள வெளையாடணுமா, தார் சுத்தணுமா?”

“வெளையாட்டுக்குத்தான்க்கா சுத்தினா. அவ சுத்துனதும் இந்தத் துணியில தெரியுமாம், பாக்கணுமாம்.”

“தெரியும்னு அவளுக்கு யாரு சொன்னா?”

“நீங்கதான சொன்னிய, டீச்சர் முன்னால!”

ரெபேக்காள் அந்த வெளிறலை விரலால் தடவினாள். ஈரத் துணி இரண்டு பேருக்கும் நடுவில் சொட்டிக்கொண்டிருந்தது.

“இனிமே அவள ராட்டைப் பக்கம் வுடாத” என்றாள் கடைசியில்.

“அத நீங்களே வந்து அவகிட்ட சொல்லுங்க. எங்க பேச்ச எங்க கேக்கா? படிச்ச புள்ளைலா” என்றாள் பாத்துமுத்து, முக்காட்டுக்குள் பெருமையை மறைக்க முடியாமல்.